ஹாம்ப்டன் ஆல்பம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஹாம்ப்டன் தொழிற்கல்வி நிறுவனத்தின் அன்றாடத்தைக் காட்டும் 159 நிழற்படங்களின் தொகுப்பு. எடுத்தவர், வாஷிங்டனில் ஸ்டூடியோ நடத்திவந்த பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் (1864–1952). 1899 டிசம்பரில் பணி தொடங்கியது.

விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1868-இல் சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் நிறுவிய கல்விக்கூடம் இது. ஆசிரியர் பயிற்சியோடு தச்சு, கொத்துவேலை, செருப்புத் தைத்தல், வேளாண்மை எல்லாம் கற்பிக்கப்பட்டன. 1878 முதல் அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களும் சேர்ந்தனர். வடமாநிலச் செல்வந்தர்களின் நன்கொடையே பெரிய ஆதாரம். கொடுத்த பணம் என்ன செய்தது என்று அவர்களுக்குக் காட்டப் படங்கள் தேவைப்பட்டன. 1893-இல் அங்கு ஒரு கேமரா சங்கமும் தோன்றியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெள்ளையின ஆசிரியர்களும் ஊழியர்களுமே.

1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, முதல்வர் ஹாலிஸ் பிரிசெல் ஜான்ஸ்டனை வரவழைத்தார். படங்கள் பிளாட்டினம் அச்சில் வெளிவந்தன. பலருக்கும் தெரிந்த படம், கல்விக்கூடப் பொருளாளர் வீட்டு மாடிப்படி வேலை. படியெங்கும் இளைஞர்கள், ஆளுக்கொரு கருவி. ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. வேலை நடப்பதுபோலத் தோன்றினாலும் யார் எங்கே நிற்பது, கை எப்படி இருப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே அமைக்கப்பட்டவை. அசைந்தால் உருவம் கலைந்துவிடும். அந்த அசைவின்மைதான் படங்களுக்கு அழகையும் கூடவே ஓர் உறுத்தலையும் தருகிறது. அமெரிக்க வரலாற்று வகுப்புப் படத்தில் பூர்வகுடி மாணவர் ஒருவர் மரபுடையில் மேடையேறி நிற்க, சீருடை அணிந்த சக மாணவர்கள் அவரையே பாடப்பொருளாகப் பார்க்கிறார்கள். பக்கத்தில் பஞ்சடைத்த கழுகு. படங்களின் தலைப்புகள் பாடத்தையும் தொழிலையும் சொல்கின்றன. மாணவர் பெயரைச் சொல்வதில்லை.

பாரிஸில் இவை இடம்பெற்ற அதே கறுப்பின அமெரிக்கர் பிரிவில், கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் தொகுத்த ஜார்ஜியா மாநிலப் படங்களும் இருந்தன. உருவப்படங்கள், வீடுகள், கடைகள் என அவை வேறொரு வாழ்வைக் காட்டின. தொழிற்கல்வி மட்டும் போதும் என்பதை டுபாய்ஸ் ஏற்காதவர் என்பதால், இந்த அருகாமை தற்செயலானதாக இருந்தாலும் கவனிக்கத்தக்கது.

ஹாம்ப்டனில் படித்த புக்கர் டி. வாஷிங்டன் தலைமை வகித்த டஸ்கீகி நிறுவனத்திலும் ஜான்ஸ்டன் 1902-இல் படமெடுத்தார். ஆனால் அங்கே விரைவில் கேமரா கறுப்பினக் கலைஞர்களின் கைக்கு மாறியது. 1916-இல் சி. எம். பேட்டி நிழற்படத் துறைக்குத் தலைவரானார். அவரிடம் பயின்ற பி. எச். போல்க் 1928-இல் ஆசிரியராகச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அந்த வளாகத்தையும் சுற்றுவட்டாரக் கிராம மக்களையும் படமெடுத்தார்.

ஹாம்ப்டன் படங்களோ மறக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுத்தாளர் லிங்கன் கிர்ஸ்டீன் வாஷிங்டன் புத்தகக் கடையொன்றில் ஆல்பத்தைக் கண்டெடுத்து, பின்னர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். 1966-இல் அங்கு 44 படங்கள் காட்சிக்கு வந்தன; தொகுப்பு முழுவதையும் அருங்காட்சியகம் நூலாக்கியது 2019-இல்தான். இடையே, 2000-இல், கறுப்பினக் கலைஞர் கேரி மே வீம்ஸ் இப்படங்களை ஒளி ஊடுருவும் பெருந்துணிகளில் அச்சிட்டு, இக்கல்வியின் நோக்கத்தையே கேள்விக்குள்ளாக்கும் படைப்பொன்றை உருவாக்கினார். பழைய கல்விக்கூடமே வளர்ந்து உருவான ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் அதைத் தன் வளாகத்தில் காட்சிக்கு வைக்க மறுத்துவிட்டது.