கவலை போய் மோட்டார் வந்த கதை

டவுன்ல இருந்து ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க, சினேகிதங்க எல்லாரும் தவறாம ஒண்ணு சொல்வாங்க. "அந்தக் காலத்துல எல்லாரும் எவ்வளவு ஒத்துமையா இருந்தாங்க, இந்த மிஷினெல்லாம் வந்துதான் கெட்டுப் போச்சு." கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா எங்க அவிநாசிப் பக்கம் கிணத்துத் தண்ணியை மேல ஏத்தின கதையை மட்டும் எடுத்துப் பார்த்தாலே, விஷயம் அவ்வளவு சுலபம் இல்லைன்னு தெரிஞ்சுரும். அதைத்தான் இன்னிக்கு எழுதறேன்.

எங்க பக்கம் ஆத்துப் பாசனம் கிடையாதுங்க. மழை, குளம், கிணறு அவ்வளவுதான். கிணத்துல இருந்து தண்ணி இறைக்கக் கவலைன்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. மனக்கவலை இல்லைங்க, இது வேற. கிணத்து மேட்டுல ரெண்டு கல்தூண் நட்டு, உருளை மாட்டி, கயித்துல பெரிய தோல் பையைக் கட்டிக் கிணத்துக்குள்ள விடுவாங்க. ஒரு ஜோடி எருது சரிவுல இறங்கினா பை மேல வரும், தொட்டியில கொட்டும். எருது பின்னால நடந்து மேடேறினா பை மறுபடியும் உள்ள போகும். ஓட்டறவர் இறங்கும்போது கயித்து மேல உட்கார்ந்துக்குவார், அவர் கனமும் சேர்ந்து இழுக்கும். இன்னொரு ஆள் காட்டுக்குள்ள மடை திருப்பி நிக்கணும். இருட்டுலயே பூட்டினா வெயில் ஏறின பிறகுதான் அவிழ்ப்பாங்கன்னு எங்க அப்பா சொல்வார்.

ஒரு குடும்பம் மட்டும் இதைச் செய்ய முடியாது. கிணறு வெட்டவே நாலு பங்காளி சேரணும். எருதுக்கு நோவு வந்தா பக்கத்துக் காட்டு எருது வரணும். உருளைக்குத் தச்சு ஆசாரி, இரும்புக்குக் கொல்லர், தோலுக்கு அருந்ததியர். யாருக்கும் அன்னன்னைக்குக் காசு இல்லை, அறுப்பு முடிஞ்சா களத்துல தானியம் அளந்து குடுப்பாங்க. கிணத்துத் தண்ணியை முறை வச்சுப் பங்கு போட்டாங்க. இன்னிக்கும் எங்க ஊர்ப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தீங்கன்னா கிணத்துல நாலில் ஒரு பாகம், வாய்க்கால் பாத்தியம், வண்டி போக மாமூல் தடப் பாத்தியம்னு வரி வரியா எழுதியிருக்கும். நீங்க பிளாட்டு வாங்கினா சதுர அடி எழுதுவாங்க. எங்க பத்திரத்துல அடுத்தவனோட நமக்கு இருக்கற உறவையும் சேர்த்து எழுதியிருக்காங்க.

இதுதான் நீங்க சொல்ற ஒத்துமை. ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்குது. தண்ணியை ஏத்தற தோலைத் தைக்கிறவங்க அதே கிணத்துல இறங்கித் தண்ணி மொள்ள முடியாது. களத்துல தானியம் அளக்கும்போது அவங்க தள்ளித்தான் நிக்கணும். வருசக் கூலிக்குப் பண்ணையத்துல இருந்த ஆளு கடன் தீராம வேற காட்டுக்குப் போக முடியாது. எல்லாரும் சேர்ந்து இருந்தாங்க, நெசம்தான். ஆனா பாதிப் பேருக்கு விலகிப் போக வழியில்லாததால சேர்ந்து இருந்தாங்க. அதையும் சேர்த்துச் சொன்னாத்தான் அது வரலாறு.

அப்புறம் கரண்டு வந்துச்சு. 1930-களோட ஆரம்பத்துல நீலகிரியில பைகாரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சு, கோயமுத்தூர்ச் சீமைக்கு மின்சாரம் கிடைச்சுது. முதல்ல பஞ்சாலைகள், பிறகு மெல்ல மெல்லக் காடு. கோயமுத்தூர்ப் பட்டறைகள்லயே மோட்டாரும் பம்பும் செய்யத் தொடங்கினாங்க. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல மோட்டார் செஞ்சதை நாட்டுலயே முதல்னு எங்க பக்கம் பெருமையாச் சொல்வாங்க. எங்க கிணத்துக்கு லைன் வந்தது 1960-கள்ல, நான் பொறக்கறதுக்கு முன்னாடி. பொத்தானை அமுக்கினா தண்ணி கொட்டுச்சாம். எங்க பாட்டி தொட்டியோரம் நின்னு, எருது இல்லாம தண்ணி வருதேன்னு வெகு நேரம் பார்த்துக்கிட்டே இருந்துச்சாம்.

எருதோட வேலை பாதி போச்சு. தோல் வேலை முழுசாப் போச்சு. அந்தக் குடும்பங்க கொஞ்ச காலம் ரொம்பச் சிரமப்பட்டாங்க. ஆனா அவங்க வாரிசுங்க பிற்பாடு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனாங்க. வாரம் சனிக்கிழமையானா கையில சம்பளம். மோட்டார் வந்ததுதான் தங்கள் குடும்பத்துக்கு விடுதலைன்னு என்கிட்டயே ஒரு பெரியவர் சொல்லியிருக்கார். எனக்கு மறுத்துப் பேச ஒண்ணும் இல்லை.

காட்டுக்காரங்க விஷயம் வேற மாதிரி போச்சு. மோட்டார் வந்ததும் பக்கத்துக் காட்டு ஆளோட தயவு தேவைப்படல. ஆனா எல்லாரோட தலையும் ஒரே இடத்துல மாட்டுச்சு, அது மின்கட்டணம். 1970-ல யூனிட்டுக்கு 8 காசா இருந்ததை 10 காசாக்கினாங்க. போராட்டம் வெடிச்சுது. அந்த ஜூன் மாசம் எங்களுக்குப் பக்கத்துலயே பெருமாநல்லூர்ல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 3 விவசாயிகள் செத்தாங்க. அங்க நினைவுத்தூண் இருக்குது, அந்த வழியாப் போனா நின்னு பாருங்க. பிறகு 1 காசு குறைச்சாங்க. 1972-ல மறுபடியும் ஏத்தினப்போ வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில மாட்டுவண்டிகளைக் கொண்டு போய்க் கோயமுத்தூரையே மறிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, மோட்டார் வந்ததால கவலையில இருந்து தப்பிச்ச அதே எருதுங்க, மோட்டாருக்காக ரோட்டுல நின்னுச்சு. அந்த வருசம் ஜூலை 5-ம் தேதி துப்பாக்கிச் சூட்டுல உயிர் விட்டவங்க நினைவா இன்னிக்கும் அந்த நாளை உழவர் தினமா வச்சிருக்கோம். 1984-ல சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்துச்சு, பின்னால எல்லா விவசாயிகளுக்கும் கிடைச்சுது.

கவலைக் காலத்துச் சேர்க்கை பொறப்பால வந்தது. இந்தச் சங்கத்துச் சேர்க்கை தானா யோசிச்சு, ஊர் ஊராப் போய்ப் பேசி உண்டாக்கினது. எந்திரம் வந்தா மனுசன் தனியாப் போயிருவான்னு சொல்றவங்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். ஆனா இதுலயும் ஒரு குறை. மோட்டார் வச்சிருந்தவங்களோட சங்கமாத்தான் இது பெரும்பாலும் இருந்துச்சு. காட்டுல கூலிக்கு வந்தவங்களோட கூலியைப் பத்தி அதே வேகத்துல யாரும் பேசல.

கரண்டு இலவசமான பிறகு போட்டி பூமிக்கு அடியில போயிருச்சு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஊருக்குள்ள வந்துச்சு. ஒருத்தர் 300 அடி போட்டா அடுத்தவர் 500, அதுக்கு அடுத்தவர் 1000. போர் போட்டவருக்கு முறை கிடையாது, பங்காளி கிடையாது. எங்க நாலு பங்குக் கிணத்துல ரெண்டு பங்குக்காரங்க தனி போர் போட்டாங்க. கொஞ்ச வருசத்துல கிணறு வத்திருச்சு. யாரும் யாரோடயும் சண்டை போடல. பேச வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். எனக்கு அந்த அமைதிதான் பயமா இருந்துச்சு. முறைத் தண்ணிக்குச் சண்டை போட்ட காலத்துல எழவு விழுந்தா மறுநாள் எல்லாரும் வந்து நின்னாங்க.

எங்களை மறுபடியும் பேச வச்சது டிரான்ஸ்பார்மர்ங்க. எங்க லைன்ல 14 மோட்டார். எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தோம். மூணு பேஸ் வந்த நொடியில 14-ம் ஒண்ணா எந்திரிக்கும். வோல்டேஜ் படுத்துரும், காயில் கருகும், டிரான்ஸ்பார்மர் போனா எல்லார் காடும் காயும். கடைசியில ஒரு வேப்பமரத்தடியில உட்கார்ந்து, ஏழு ஏழாப் பிரிச்சு நேரம் ஒதுக்கி ஒரு தாள்ல எழுதினோம். எங்க பாட்டன் காலத்துத் தண்ணி முறைதான் அது, தண்ணிக்குப் பதிலா கரண்டு. இப்ப செல்போன்லயே மோட்டாரை ஓட்டற வசதி வந்திருக்குது. ஆனா என் முறை முடிஞ்சுதுன்னு அடுத்தவருக்குச் சொல்ல நான் போன் போட்டுத்தான் ஆகணும். சொல்லிட்டு அப்படியே அவர் மக பிரசவத்தையும் விசாரிப்பேன்.

இப்ப இன்னொண்ணு சேர்ந்திருக்குது. அறுபது வருசமாக் கேட்டுக்கிட்டிருந்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல தொடங்குச்சு. பவானியில இருந்து பம்பு பண்ணி 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணி விடற திட்டம். எங்க குளத்துக்கும் தண்ணி வந்துச்சு. குளத்துல நிக்கற தண்ணி யார் போர்ல ஊறும்னு எந்தப் பத்திரத்துலயும் எழுத முடியாது. வத்திப் போன எங்க பங்குக் கிணத்துலயும் ஈரம் தட்டுப்பட ஆரம்பிச்சிருக்குது.

அதனால இந்தத் தடவை கூட்டத்துக்குக் காட்டுக்காரங்க மட்டும் வந்தாப் பத்தாதுன்னு நான் சொல்லிக்கிட்டிருக்கேன். ஆடு மேய்க்கிறவங்க, மீன் பிடிக்கிறவங்க, குளத்துக்குக் கீழ வீடு இருக்கற தெற்குத் தெருக்காரங்க எல்லாரும் வரணும், ஒரே ஜமுக்காளத்துல உட்காரணும். சில பேருக்கு இது பிடிக்கல. முகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்க. நானும் விடறதா இல்லை. தோலைத் தைச்சவங்களைத் தள்ளி நிக்க வச்ச ஒத்துமை, அவங்களுக்கு வேற வேலை கிடைச்ச அன்னிக்கே அவிழ்ந்து போச்சு. அதையே மறுபடியும் கட்டி என்ன பிரயோஜனம்?

வர்ற தை மாசம் குளத்து வாய்க்கால்ல முள்ளு வெட்டற வேலை இருக்குது. அரசாங்கத்து மிஷின் வரும்னு காத்திருந்தா வெயில் வந்துரும். பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்க ஒரு நாள் கூட இருந்துட்டு, அரிவாளைப் பிடிச்சுட்டுப் போங்க. சாப்பாடு எங்க வீட்டுல.