‘அஸ்லி’ என்ற அடைமொழி

பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரருக்குக் ‘கேஸ்’ என்றால் தோம்பில் வந்து இறங்குவது. பக்கத்து அடுக்குமாடியில் இருப்பவருக்குக் குழாயில் வருவது. டாக்சி ஓட்டுநருக்கு, 2025 ஜூலையில் விற்பனை நிற்கும்வரை, ‘என்ஜிவி’ என்று நிலையத்தில் நிரப்பிக்கொண்டது. மூவர் வாயிலும் ஒரே சொல்; பொருள் ஒன்றல்ல.

அந்தச் சொல் தானாக வளர்ந்ததல்ல, ஒருவர் உண்டாக்கியது. பிரசல்ஸ் நகரத்து மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட் ஒரு கணக்குப் போட்டார்: 62 ராத்தல் கரியை எரித்தால் மிஞ்சுவது 1 ராத்தல் சாம்பல். மீதி 61 ராத்தல் எங்கே? கண்ணுக்குத் தெரியாமல், கலத்தில் அடங்காமல் வெளியேறியது என்றார். அதற்கு அதுவரை பெயர் இல்லை. உலகம் உருப்பெறுமுன் இருந்த பாழைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘காவோஸ்’. அதை ஒட்டி ‘காஸ்’ என்று வைத்தார். 1644இல் அவர் இறந்தார். 1648இல் மகன் பதிப்பித்த நூலின் வழியே சொல் ஐரோப்பாவெங்கும் பரவியது.

  

நிலத்தடியிலிருந்து எடுக்கும் எரிவாயுவுக்கு மலாயில் ‘காஸ் அஸ்லி’ என்று பெயர். ‘அஸ்ல்’ என்ற அரபுச் சொல்லுக்கு வேர், மூலம் என்று பொருள். நாம் வட்டிக்கணக்கில் சொல்லும் ‘அசல்’ அதே வேரில் முளைத்தது. ‘ஓராங் அஸ்லி’யும் அப்படியே. சரி, இது அசல் என்றால் நகல் எது? நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டுத் தயாரித்த வாயுதான். 1812இல் லண்டனில் அதற்கென்றே ஒரு கம்பெனி பட்டயம் பெற்றது. சிங்கப்பூரில் 1862இல் காலாங் எரிவாயு ஆலை எழுந்தது. தெருவிளக்குகளை எரித்த அந்தச் செய்வாயுவிலிருந்து பிரித்துக் காட்டத்தான் மண்ணிலிருந்து வந்ததற்கு ‘இயற்கை’ என்ற அடைமொழி தேவைப்பட்டது. ஆலையில் செய்யாதது என்பதற்கு மேல் அதில் பெருமையும் இல்லை, பசுமையும் இல்லை.

தமிழ் வேறு வழியில் போனது. ‘வளி’ பழஞ்சொல், ‘வாயு’ வடசொல். ‘வாயு’ வயிற்றுக் கோளாறுக்கும் பெயராகிவிட்டதால் அதை மட்டும் வைத்து அடுப்பை மூட்ட முடியாது. முன்னால் ‘எரி’ சேர்ந்தது. ‘எரிவாயு’ வினைத்தொகை: எரிந்த, எரிகிற, எரியும் வாயு. எங்கிருந்து வந்தது என்பதை அது கேட்பதில்லை, எரிந்தால் போதும். அதனால் தோம்பில் இருப்பதும் கடலடியிலிருந்து வருவதும் ஒரே கூரைக்குள் நின்றுவிடுகின்றன.

சட்டத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. குழாய்வழி விநியோகத்துக்கு 1993ஆம் ஆண்டின் எரிவாயு விநியோகச் சட்டம். 2002 முதல் அதைக் கண்காணிப்பது சுருஹான்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையம். உதவித்தொகையில் விற்கும் 14 கிலோ தோம்பைக் கவனிப்பது உள்நாட்டு வாணிப அமைச்சு. வீட்டுத் தோம்பு வணிகத்துக்குக் கடத்தப்படுவதைத் தடுக்க 2025 மே மாதம் அது தொடங்கிய நடவடிக்கையின் பெயர் ‘ஓப்ஸ் காசாக்’. மலாயில் ‘காசாக்’ என்றால் வெளுத்து வாங்குவது; பெயருக்குள்ளேயே ‘காஸ்’ ஒளிந்திருக்கிறது. உணவகக்காரர்கள் பதறியதில் வியப்பில்லை.

பெயர் வேறுபாடு அலுவலகத்தோடு நிற்பதில்லை. தோம்பில் உள்ளது ‘பெட்ரோலிய வாயு’ எனப்படும் புரோப்பேன், பியூட்டேன் கலவை. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படரும். ‘அஸ்லி’யில் பெரும்பங்கு மீத்தேன், காற்றைவிட இலேசு, மேலே ஏறும். 2025 ஏப்ரல் 1 அன்று புத்ரா ஹைட்ஸில் வானளாவ எரிந்தது பெட்ரோனாஸ் குழாயில் ஓடிய ‘அஸ்லி’. அடுக்குமாடிக் குழாயிலோ இரண்டில் எதுவும் வரலாம். இங்கே அப்படி இரு விதமாகவும் விநியோகம் உண்டு. ஆகவே கசிவுணர் கருவி வாங்குகிறவர் ‘கேஸ்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பில்லில் ‘அஸ்லி’ என்று இருந்தால் கருவி கூரையோரம், ‘பெட்ரோலியம்’ என்று இருந்தால் தரையோரம்.