செர்ரி இலைப் புகை

உணவுப் பஞ்சத்தைப் பற்றி வரலாறு நிறையப் பேசுகிறது. புகைப் பஞ்சத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் முற்றுகைக்குள் சிக்கிய மக்களின் அன்றாடத்தை அறிய அதுவும் ஒரு வாயிலே.

பிரெஞ்சுக் கரையை ஒட்டிக் கிடக்கும் ஜெர்சி, கெர்ன்சி முதலிய கால்வாய்த் தீவுகள் பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்தவை. 1940 ஜூன் 30 அன்று ஜெர்மானியப் படை கெர்ன்சியில் இறங்கியது. மறுநாள் ஜெர்சியும் வீழ்ந்தது. 1945 மே 9 அன்றுதான் இவ்விரு தீவுகளும் விடுதலை பெற்றன.

இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் தீவின் வாழ்க்கையே மாற்றுப் பொருள்களின் வாழ்க்கையாகிவிட்டது. ஓக் மரத்தின் கொட்டையை வறுத்துக் காப்பி வைத்தார்கள். முட்புதரில் படரும் பிளாக்பெர்ரியின் இலை தேயிலை ஆயிற்று. கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். புகையிலைப் பங்கீடும் சுருங்கியபோது, நிலமுள்ளவர் சிலர் கொல்லையில் புகையிலை பயிரிட்டனர். அதுவும் வாய்க்காதவர்கள் செர்ரி இலை, பிளாக்பெர்ரி இலை, ரோஜா இதழ் எனக் கைக்கு எட்டியதை உலர்த்தி நறுக்கிக் குழாயில் அடைத்தார்கள்.

இலையை உலர்த்துவது எளிது. புகையிலை ஆக்குவது இயலாது. அறுத்த புகையிலையை வாரக்கணக்கில் தொங்கவிட்டு மெல்ல மஞ்சளாக்கிப் பழுப்பாக்கும்போது, அதன் மாச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பின்னர் நொதிக்கவைக்கையில் காரம் தணிந்து மணம் கூடுகிறது. பொறுமை இருந்தால் செர்ரி இலையையும் இப்படிப் பதப்படுத்திப் பார்க்கலாம். ஆனால் நிக்கோட்டினுக்கு எங்கே போவது?

அதற்கான விடை அந்தப் போர்க்காலத்திலேயே, கடலுக்கு அப்பால் கிடைத்தது. அமெரிக்கத் தாவரவியலாளர் டாசன் புகையிலையின் வேரில் தக்காளித் தண்டை ஒட்டுக் கட்டினார். தக்காளி இலையில் நிக்கோட்டின் சேர்ந்தது. தக்காளி வேரில் புகையிலைத் தண்டை ஒட்டியபோதோ, இலையில் நிக்கோட்டின் பெயரளவுக்கே இருந்தது. 1942இல் வெளியான இவ்வாய்வு, நிக்கோட்டின் பெரும்பாலும் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது என்பதைக் காட்டியது. செர்ரி மரத்தின் வேருக்கு அந்த வித்தை தெரியாது.

ஆகவே தீவுவாசிகள் புகைத்தது, போதையின் கரு நீங்கிய வெறும் புகை. தாரும் கார்பன் மோனாக்சைடும் மட்டும் அதில் குறைவின்றி இருந்தன. எந்த இலை எரிந்தாலும் அவை எழும். மூலிகைச் சுருட்டு தீங்கற்றது என்று இன்று நம்புவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

அதே ஆண்டுகளில் போர்க்கைதி முகாம்களில் சிகரெட் நாணயமாகவே புழங்கியது. அங்கே கைதியாக இருந்த ராட்ஃபோர்டு என்ற பொருளியலாளர் 1945இல் எழுதிய கட்டுரை இதை விரிவாக விளக்குகிறது. நல்ல சிகரெட்டைப் புகைத்துவிட்டு மட்டமானதைச் செலவுக்கு விட்டார்களாம்! செர்ரி இலைக்கு அந்த மதிப்பு வாய்க்க வழியில்லை. யாரும் பறிக்கக்கூடியதை யார் விலைக்கு வாங்குவார்?

1944 ஜூனில் நேசநாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபின் பிரான்சிலிருந்து வந்த சரக்கும் நின்றது. டிசம்பர் 27 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் வேகா கப்பல் கெர்ன்சியை அடையும்வரை தீவுகள் பசியின் விளிம்பில் நின்றன.

அந்த நிலையிலும் இலையை உலர்த்தியவர்களை மடமைக்கு ஆளானவர்கள் என ஒதுக்க மனம் வரவில்லை. உணவுக்குப் பின் குழாயை நிரப்பிப் பற்றவைத்து அண்டை வீட்டாரோடு அமரும் ஒரு நாழிகை, பகைவன் ஆளும் ஊரிலும் அவர்களுக்கே உரியதாக இருந்தது. அந்த நாழிகையைக் காப்பாற்றத்தான் செர்ரி இலை எரிந்தது.