நோலாகின் கோப்பு

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் யூனிக்ஸ் வகைக் கணினிகளில், பராமரிப்பு வேலைக்காகச் சாதாரணப் பயனர்களின் உள்நுழைவைத் தற்காலிகமாக நிறுத்தும் ஏற்பாடு. எட்சி அடைவில் ‘நோலாகின்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் போதும், முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கான ரூட் தவிர வேறு யாரும் நுழைய முடியாது. கோப்பு காலியாக இருந்தாலும் தடை தடைதான். ‘வட்டு மாற்றுகிறோம், மாலை 4 மணிக்கு வாருங்கள்’ என்று அதில் எழுதிவைத்தால், திருப்பி அனுப்பப்படுபவரின் திரையில் அந்த வரி தோன்றும்.

எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் 1961இல் நேரப்பகிர்வு முறையைச் செய்துகாட்டியபின், ஒரு கணினியை நிறுத்துவது பலருடைய வேலையைக் குலைக்கும் காரியமாயிற்று. 1980களில் பெர்க்லி யூனிக்ஸ் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தது. ஷட்டவுன் கட்டளை பயனர்களை முன்கூட்டியே எச்சரிக்கும். நிறுத்தத்துக்கு 5 நிமிடம் இருக்கையில் நோலாகின் கோப்பை உருவாக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை அக்கோப்பு வெளியேற்றாது. வேலையைச் சேமித்துக்கொண்டு கிளம்ப அவகாசம் கிடைக்கும். வி.எம்.எஸ். இயங்குதளம் வேறு வழியில் போனது: அனுமதிக்கும் உள்நுழைவுகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் முடிந்தது.

கோப்பு முறையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, உள்ளே விடும் ஒவ்வொரு நிரலும் தானாகவே கோப்பைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒன்று மறந்தாலும் அந்த வழி திறந்தே கிடக்கும். சன் நிறுவனப் பொறியாளர்கள் 1995இல் முன்மொழிந்த, உள்நுழைவுச் சரிபார்ப்புக்கான ‘பாம்’ கட்டமைப்பு, சோதனையைப் பொதுவான ஒரு கூறில் வைக்க வழிசெய்தது. இரண்டாவது, வேலை முடிந்தபின் கோப்பு அழிக்கப்படாமல் தங்கிவிடலாம். கணினி எழும்போதே அதை அழிக்கும் வரிகளைத் தொடக்க நிரல்களில் சேர்த்தார்கள். கணினியின் தொடக்கத்தையும் சேவைகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி வந்தபின் லினக்ஸில் ரன் அடைவிலும் இக்கோப்பு வைக்கப்படுகிறது. அந்த அடைவு நினைவகத்திலேயே இருப்பதால் மறுதொடக்கத்தில் கோப்பு தானாக மறையும். நேர்த்தியான தீர்வு இதுதான்.

விண்டோஸ் சர்வர் 2008இல் வந்த ‘டிரெயின்’ முறை புதியவர்களைத் தடுக்கும்; இடையில் இணைப்பு அறுந்தவர்களைத் தம் பழைய அமர்வுக்குத் திரும்ப விடும். பெர்க்லி முறையில் இந்தச் சலுகை கிடையாது.

ரூட்டுக்கு விலக்கு உண்டு என்பதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். இன்று பல சர்வர்களில், தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் எஸ்.எஸ்.எச். வழியாக ரூட் நேரடியாக நுழைவது முடக்கப்பட்டிருக்கிறது. தொலைவிலிருந்து இக்கோப்பை உருவாக்குபவர், அதை நீக்கும்வரை ஒரு ரூட் அமர்வையாவது மூடாமல் வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் கணினியின் நேரடி முனையமான கன்சோலைத் தேடிப் போக வேண்டியதுதான்.