டேவ் கேவிட்டின் இரண்டு நாற்காலிகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் டேவ் கேவிட் என்றால், 1979இல் பிக் ஈஸ்ட் லீகை உருவாக்கி அதன் முதல் கமிஷனராக இருந்தவர் என்பார்கள். அவர் பயிற்சியாளராக இருந்த காலம் வெறும் முன்கதையாக ஒதுங்கிவிடும். இந்தப் பிரிப்பு சரியில்லை. ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் கல்லூரியில் 1969 முதல் 1979 வரை அவர்தான் பயிற்சியாளர்; 1971இலிருந்து விளையாட்டுத் துறை இயக்குநரும் அவரே. யாரோடு மோதுவது என்று முடிவு செய்பவரும், மோதி ஜெயித்துக் காட்ட வேண்டியவரும் ஒரே ஆள். 1972இல் நகரத்தில் புதிய சிவிக் சென்டர் திறந்ததும் கல்லூரியின் சிறிய அரங்கிலிருந்து ஆட்டங்கள் அங்கே இடம்பெயர்ந்தன. அந்தப் பருவத்தில் எர்னி டிகிரிகோரியோவும் மார்வின் பார்ன்ஸும் ஆடிய அணி தேசிய அரையிறுதி வரை போனது. பார்ன்ஸுக்கு முழங்காலில் அடிபட, மெம்ஃபிஸ் ஸ்டேட்டிடம் தோற்றது. அவ்வளவு பெரிய அரங்கை ஆண்டுதோறும் நிரப்ப நல்ல அணி மட்டும் போதாது, ஜனங்களுக்குப் பகை பழகிப்போன எதிரணியும் வேண்டும். பிக் ஈஸ்ட் என்பது அந்தத் தேவைக்குப் போட்ட நிரந்தர ஆட்ட அட்டவணைதான்.

பகை முதல் பருவத்திலேயே மூண்டது. 1980 பிப்ரவரியில், மேன்லி அரங்கில் தொடர்ந்து 57 ஆட்டங்களை வென்றிருந்த சிரக்யூஸை, அங்கே அது ஆடிய கடைசி ஆட்டத்தில் ஜார்ஜ்டவுன் 52-50 என வீழ்த்தியது. அரங்கை அதிகாரபூர்வமாக மூடியாயிற்று என்று ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன் அறிவித்தார். சிரக்யூஸ்காரர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை!

இ.எஸ்.பி.என் விளையாட்டுச் சேனலும் அதே 1979இல்தான் வந்தது, ஆகவே லீகின் வெற்றி கேவிட்டின் அதிர்ஷ்டம் என்று வாதிடலாம். அதிர்ஷ்டம் இருந்தது உண்மை. ஆனால் கேமரா எல்லோருக்கும் பொதுவாகத்தான் வந்தது. நியூயார்க், வாஷிங்டன், பாஸ்டன் வட்டாரக் கல்லூரிகளை ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தவர் அவர். புரூக்ளின் பையனான நட்சத்திர ஆட்டக்காரர் கிறிஸ் மல்லின் வெளியூர் போகாமல், லீகில் இருந்த உள்ளூர் செயின்ட் ஜான்ஸிலேயே ஆடினார். 1985இல் தேசிய அரையிறுதியின் நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட் அணிகள். இறுதியில் வில்லனோவா 66-64 என ஜார்ஜ்டவுனை வென்றது. அந்த ஆண்டுதான் தேசியப் போட்டி முதன்முறையாக 64 அணிகளுக்கு விரிந்தது. அந்த விரிவாக்கத்துக்கு வழி செய்த குழுவின் தலைவராக இருந்தவரும் கேவிட்தான்.

அமெரிக்கக் கால்பந்தை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. 1982இல் கால்பந்தில் வலுவான பென் ஸ்டேட்டை லீகில் சேர்க்கப் போதிய வாக்கு கிடைக்காமல் போனது. பிற்பாடு அது பிக் டென் லீகுக்குப் போய்விட்டது. அமெரிக்கக் கால்பந்துப் பணத்தின் இழுப்பில் சிரக்யூஸும் பிட்ஸ்பர்க்கும் 2013இல் வெளியேறின. இழப்பு பெரியதுதான். ஆனால் அந்தப் பழியைக் கேவிட் ஒருவர் தலையில் கட்ட முடியாது, வாக்கு கல்லூரிகளுடையது. தவிர, அதே ஆண்டு பிரிந்துபோன ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் லீகின் பெயரையும் மேடிசன் ஸ்கொயர் கார்டன் போட்டியையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, கூடைப்பந்தை நம்பியே நடத்தின. வில்லனோவா 2016லும் 2018லும் தேசியப் பட்டம் வென்றது. பிரிவினைக்குப் பின் வேறு லீகில் தங்கிவிட்ட கனெக்டிகட் 2020இல் திரும்பி வந்து, 2023லும் 2024லும் வென்றது.