கங்கன் கொடுத்த உயிர்

அபராஜித பல்லவன் அமர்ந்திருந்த யானையின் மேல் ஆதித்த சோழன் பாய்ந்த கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். பல்லவர் ஆட்சி முடிந்து தொண்டை மண்டலம் சோழர் கைக்குப் போன கட்டம் அது. ஆனால், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இந்த இருவரும் ஒரே அணியில் நின்றதாகச் சொல்லப்படும் ஊர் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. யானை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கும்பகோணத்திலிருந்து இன்னம்பூர் வழியாகப் போனால் சுமார் பத்து கிலோமீட்டரில் திருப்புறம்பியம். வடக்கே கொள்ளிடம், தெற்கே மண்ணியாறு, நடுவே வயலும் தோப்பும். இன்னம்பூர் எழுத்தறிநாதரையும் பார்த்துவிட்டுத்தான் பலரும் போவார்கள். குழந்தைக்குப் படிப்பு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் சந்நிதி அது.

திருப்புறம்பியத்தில் சுவாமிக்குச் சாட்சிநாதர் என்று பெயர். அம்பாள் கரும்பன்ன சொல்லி. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். அதாவது, இந்த ஊரில் வாள் உருவப்படுவதற்கு வெகுகாலம் முன்பே கோயில் பெயர் பெற்றுவிட்டது. சாட்சி சொன்ன கதை தெரிந்ததுதான்: பாம்பு கடித்துச் செத்த வணிகனைச் சம்பந்தர் எழுப்பி, உடன் வந்த பெண்ணை அவனுக்கே மணம் முடித்து வைக்கிறார். மதுரைக்குப் போனதும் மூத்தாள், ‘உன் கல்யாணத்துக்கு யார் சாட்சி?’ என்று கேட்க, இங்கிருந்த வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் மதுரைக் கோயிலில் போய் நின்றன. பரஞ்சோதி முனிவர் இதைத் திருவிளையாடற் புராணத்தின் கடைசிப் படலமாக வைத்தார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டிமாதேவியிடம் புகாரின் பத்தினிப் பெண்களை வரிசையாகச் சொல்கிறாளே, அந்த வரிசையில் முதலில் நிற்பவளுக்கும் வன்னி மரம்தான் சாட்சி. கூடவே மடைப்பள்ளி. கிணறும் இலிங்கமும் அங்கே இல்லை. கதை எந்த ஊரில் தொடங்கி எந்த ஊருக்கு நடந்தது என்று ஒரு தொடரே எழுதலாம். ஆசிரியர் இடம் தரமாட்டார்.

கூட்டம் வருவது பெரும்பாலும் பிள்ளையாருக்காக. பிரளயம் காத்த விநாயகர். வருணன் கடல் நுரையும் கிளிஞ்சலும் கொண்டு செய்து வைத்தான் என்பது தல புராணம். வருஷத்தில் ஒரே ஒருநாள், விநாயக சதுர்த்தி இரவில்தான் அவருக்கு அபிஷேகம், அதுவும் தேனால் மட்டும். விடிய விடிய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தேன் திருமேனிக்குள்ளேயே போய்விடும் என்பார்கள் பக்தர்கள். வெளிறிய மேனி தேன் ஏற ஏறச் செம்பழுப்பாகி வருவதைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஜனம் வந்து உட்கார்ந்திருக்கும்.

இனி, போர். கி.பி. 880-ஐ ஒட்டிய காலம். ஒரு பக்கம் இரண்டாம் வரகுண பாண்டியன். 862-இல் பட்டத்துக்கு வந்தவன். ஐவர்மலைக் கல்வெட்டு சக ஆண்டையும் சேர்த்துச் சொல்வதால் இவன் காலத்தில் சந்தேகமே இல்லை. மறுபக்கம் அபராஜிதன். வரகுணன் ஏன் காவிரியைத் தாண்டினான் என்பதெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தாகிவிட்டது. நான் இந்த ஊருக்கு வந்தது மூன்றாவது ஆளுக்காக. மேலைக் கங்கன், முதலாம் பிருதிவீபதி.

இவனைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி உதயேந்திரம் செப்பேட்டிலிருந்து வருகிறது. அதை வெளியிட்டவன் இவனுடைய பேரன். பேரன் தாத்தாவைப் புகழ்ந்திருக்கிறான் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் புகழ்ந்த விதத்தைப் பாருங்கள். திண்டி என்ற அரசனின் பிள்ளைகள் இரண்டு பேர், இரிகன், நாகதந்தன். ஒருவனுக்கு ராஷ்டிரகூட அமோகவர்ஷனால் ஆபத்து. இன்னொருவனுக்குச் சாவே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இருவருக்கும் அடைக்கலம் கொடுத்தவன் பிருதிவீபதி. அமோகவர்ஷன் சாதாரண ஆள் இல்லை, தக்காணத்தையே ஆண்டவன். பிருதிவீபதியின் தகப்பன் சிவமாறனோ ராஷ்டிரகூடர் சிறையில் நெடுநாள் கிடந்தவன். அந்த வீட்டுப் பிள்ளை அமோகவர்ஷனுக்குப் பயந்து வந்தவனுக்குக் கதவைத் திறந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்தது வைம்பல்குழிப் போர். வாள்வெட்டில் தன் உடம்பிலிருந்து துண்டான எலும்பைக் கங்கை நீரில் சேர்ப்பித்தானாம். சாம்பலைக் கங்கைக்கு அனுப்புவது எல்லோரும் செய்வது. உயிரோடு இருக்கும்போதே தன் எலும்பை முன்கூட்டி அனுப்பிவைத்தவன் இவன் ஒருவன்தான் எனக்குத் தெரிந்து! ஆம்பூர் நடுகற்களிலும் இவன் பெயர் வருகிறது; நுளம்பன் படை வந்தபோது இவனுடைய சேவகர் ஊருக்காக விழுந்திருக்கிறார்கள்.

சிவமாறன் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன் என்றால், திருப்புறம்பியத்துக்கு வரும்போது மகன் அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த வயதில் வரகுணனைத் தோற்கடித்து, அபராஜிதன் என்ற நண்பனின் பெயர் பொய்யாகாமல் காத்து, அதற்கு விலையாகத் தன் உயிரைக் கொடுத்தான் என்கிறது செப்பேடு.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இந்த இடத்தில் வேறொரு படம் மனசில் ஓடும். கால் வழங்காத கிழவர் விஜயாலய சோழர், இரண்டு வீரர்களின் தோளில் ஏறி, இரு கையிலும் வாளோடு எதிரிப் படைக்குள் புகுவார். அருமையான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் போரைச் சொல்லும் செப்பேட்டுச் சுலோகத்தில் விஜயாலயன் இல்லை, ஆதித்தனும் இல்லை. ஆதித்தன் பல்லவர் பக்கம் நின்றான் என்பது பின்னால் நடந்தவற்றை வைத்து ஆய்வாளர்கள் சொல்வது. அவர்கள் சொல்வதை நானும் நம்புகிறேன். என்றாலும் களத்தில் விழுந்தவனை விட்டுவிட்டு, லாபம் அடைந்தவனையே கதாநாயகனாக்கும் நம் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

கோயிலை விட்டு விலகி, மரங்கள் அடர்ந்த இடத்தில், உள்ளூர்க்காரர்கள் பள்ளிப்படை என்று காட்டும் சின்னக் கோயில் இருக்கிறது. கங்கனுடையது என்பார்கள். கல்கியின் சதிகாரர்கள் கூடுவதும் திருப்புறம்பியம் பள்ளிப்படையில்தான். நாவலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ‘பிற்காலச் சோழர் வரலாறு’ எழுதிய சதாசிவ பண்டாரத்தார் 1892-இல் பிறந்தது இதே ஊரில். உதிரப்பட்டி என்றும், உதிரம் வடிந்த தோப்பு என்றும் இங்கே வழங்கும் பெயர்களை அவர் அந்தப் போரோடு சேர்த்துப் பார்த்தார். பட்டயம் படிக்கத் தெரிந்தவர் நிறைய பேர். சொந்த ஊர் வயலின் பெயரை வரலாற்றுக்குள் கொண்டுவந்தவர் சிலர்தான்.

பக்கம் முடியப் போகிறது. யானை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: போரில் வென்ற பல்லவனையே சில ஆண்டுகளில் ஆதித்தன் எதிர்த்தான், யானை மேல் பாய்ந்து கொன்றான் என்கிறது வீரராஜேந்திரன் காலத்துக் கன்னியாகுமரிக் கல்வெட்டு. செத்த அபராஜிதன் திருத்தணிக் கோயிலுக்குத் தானே வெண்பா பாடிக் கல்லில் வெட்டவிட்டவன். அவனைப் பற்றி அடுத்த வாரம் விரிவாக.

அதற்கு முன் அந்தப் பேரனைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இரண்டாம் பிருதிவீபதி, அத்திமல்லன் என்றும் பெயர். உதயேந்திரம் செப்பேட்டை இவன் வெளியிட்டது பராந்தக சோழனின் பதினைந்தாம் ஆட்சியாண்டில், சுமார் 922-இல். பராந்தகன் ஆதித்தனின் மகன். பேரன் பராந்தகனின் ஆள். பாணர் நாட்டையும் செம்பியன் மாவலி வாணராயன் என்ற பட்டத்தையும் சோழன் கையால் வாங்கியவன். அந்தச் சோழனின் அனுமதியோடு தானம் கொடுத்து, அந்தச் சோழனின் குலத்தையும் பாடிய அதே ஏட்டில்தான், சோழனின் தகப்பன் கொன்ற பல்லவனுக்காகத் தன் தாத்தா உயிரைக் கொடுத்ததையும் எழுத வைத்திருக்கிறான். பராந்தகன் அதைத் தடுக்கவில்லை.

(தொடரும்)