மெரினா ஒலிபெருக்கியும் ரேடியோ நெல்லும்

வெகுஜன ஊடகம் என்றதும் வீட்டுக்கு வீடு கருவி இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். சென்னை வானொலியின் கதை வேறு. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் பிறந்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், பணமுடையால் 1927இல் ஒலிபரப்பை நிறுத்தியது. பெட்டி வாங்க வசதியுள்ள சிலரை மட்டும் நம்பி நிலையம் நடத்த முடியாது அல்லவா? கிளப்பின் கருவியைப் பெற்ற மாநகராட்சி, 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கி, மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டியது. கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர், காலணா செலவில்லாமல், மணலில் உட்கார்ந்தபடியே பாட்டுக் கேட்டார். வானொலி வெகுஜனத்துக்கு உரியதானது அந்த மணலில்தான். 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது பிறகு.

பொது ஒலிபெருக்கி ஒருவழிப் பாதைதானே, போட்டதைக் கேட்பதைத் தவிர மக்களுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊருக்குப் பொதுவாகப் பஞ்சாயத்து ரேடியோ இருந்த கிராமங்களிலும், அதைக் கேட்கக் கூடிய திண்ணையில் எல்லாச் சாதியாரும் சமமாக உட்கார்ந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கேட்டவர்கள் வெறும் காதுகளாக இருந்துவிடவில்லை. 1960களில் திருச்சி நிலையம் ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். வேளாண் துறை வைத்த எண்ணை ஒதுக்கிவிட்டு ‘ரேடியோ நெல்’ என்று தாங்களே பெயரும் சூட்டினார்கள்.